மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி: கருவிலும் பாலிலும் அது எதைப் பார்க்கிறது?

கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "கால்நடை இனப்பெருக்கத்திலும் உணவுத் தரப் பரிசோதனையிலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி பயன்படுகிறது என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. சினை பிடிப்பதற்கும் பால் பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு இதனால் பயன் உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறுகளை எடை போடும் இந்தக் கருவி உங்கள் தொழுவத்துக்கு வரப்போவதில்லை. விலை கோடிக்கணக்கில். அதற்கென்று ஏசி அறை வேண்டும், இரவும் பகலும் ஓடும் வெற்றிடப் பம்பு வேண்டும், நைட்ரஜன் வாயு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதோடு பழகிய ஆள் வேண்டும். ஆனால் பாலைச் சோதிக்க விற்கும் பட்டைகள் சரியாகத்தான் சொல்கின்றனவா என்று சந்தேகம் வந்தால், கடைசியில் போய் நிற்கும் இடம் இந்தக் கருவிதான். உணவுப் பரிசோதனையில் இது இன்று தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டது. இனப்பெருக்கத்திலோ இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. பாடத்தில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுவதால் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கருவி செய்வது எடை போடும் வேலை. ஒரு மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து, காற்றில்லாத குழாய்க்குள் மின்புலத்தில் ஓடவிட்டால், எடையைப் பொறுத்து அதன் ஓட்டம் மாறும். அந்த ஓட்டத்தை வைத்து எடையைக் கணக்கிடுகிறோம். சரியாகச் சொன்னால், கிடைப்பது எடையை மின்சுமையால் வகுத்த எண். ஒரே எடையுள்ள வேறு வேறு பொருள்கள் ஏராளமாக இருப்பதால் அதோடு நிறுத்த முடியாது. ஆகவே மூலக்கூறை உள்ளேயே வாயுவோடு மோதவிட்டு உடைத்து, துண்டுகளையும் எடை போடுகிறோம். நெல் வியாபாரி மூட்டையை நிறுப்பதோடு நிற்காமல், ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்து அரிசி எவ்வளவு, உமி எவ்வளவு, பதர் எவ்வளவு என்று பார்ப்பாரே, அதே புத்திதான். முன்னால் ஒரு குரோமட்டோகிராஃபிக் குழலை வைத்தால் பொருள்கள் தனித்தனி நேரத்தில் வந்து சேரும். வந்த நேரம், முழு எடை, துண்டுகளின் எடை, துண்டுகளுக்கு இடையிலான விகிதம் ஆகிய நான்கும் ஒத்துப்போனால் ஆள் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு.

கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் 1912-இல் நியான் வாயுவில் இரு வேறு எடையுள்ள அணுக்கள் இருப்பதற்கான தடயத்தைக் கண்டது இதன் தொடக்கம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் எளிதில் ஆவியாகும் பொருள்களைத்தான் அளக்க முடிந்தது. புரதத்தைச் சூடாக்கினால் ஆவியாகாது, கருகிவிடும். திரவத்தை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தூவும் முறையை ஜான் ஃபென்னும், லேசரால் புரதத்தைச் சிதைக்காமல் எழுப்பும் முறையைக் கொய்ச்சி தனாகாவும் 1980களில் கொண்டுவந்த பிறகுதான் பால், விந்து, கரு எல்லாம் இந்தக் கருவிக்கு வசமாயின. இருவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆய்வகங்களில் ‘மால்டி’ என்று புழங்கும் லேசர் முறையை வகுத்தவர்கள் ஜெர்மனியின் மைக்கேல் கராஸும் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்பும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சரி, இந்த எடைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பழைய சோதனைகள் பலவும் தேடும் பொருளை நேராகப் பார்ப்பதில்லை. அதன் அடையாளம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பொருள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன. பாலில் புரதம் எவ்வளவு என்று அறிய கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.38 ஆல் பெருக்குவார்கள். பால் புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 சதவீதம். பிளாஸ்டிக் செய்ய உதவும் மெலமினில் 66 சதவீதத்துக்கும் மேல். தண்ணீர் ஊற்றிய பாலில் கொஞ்சம் மெலமினைக் கலந்தால் கெல்டாலுக்கு அது நல்ல பாலாகவே தெரியும். 2008-இல் சீனாவில் அப்படிக் கலந்த பால் பவுடரைக் குடித்து ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகத்தில் கல் சேர்ந்து 6 குழந்தைகள் இறந்துபோனார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில், சுருக்கமாக மாஸ் ஸ்பெக்கில், மெலமின் புரதமாக வேஷம் போட முடியாது. அதன் எடை 126. ஒரு புரோட்டான் சேர்ந்து 127 ஆக வரும், உடைத்தால் 85 வரும். நைட்ரஜன் கணக்கை மட்டும் நம்பிப் பாலுக்கு விலை போடும் இடத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இதே மாதிரி ஆள்மாறாட்டம் இனப்பெருக்கத்திலும் உண்டு. சினை நிலைக்கப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் தேவை. அதை வழக்கமாக, அதைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தை வைத்து அளக்கிறோம். சினைக் குதிரையில் பிற்பாதி மாதங்களிலும் அந்தச் சோதனை புரோஜெஸ்டிரோன் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. மாஸ் ஸ்பெக்கில் பார்த்தால் உண்மையான புரோஜெஸ்டிரோன் அப்போது இரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லை. இருந்தவை அதிலிருந்து உடல் செய்துகொண்ட உறவுப் பொருள்கள். ஆன்டிபாடி அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆளாக எண்ணியிருக்கிறது. அந்தத் தம்பிகளில் ஒன்றான டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் தனியாகவே குதிரையின் சினையைக் காப்பாற்றும் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2014-இல் காட்டியது. மாட்டில் இந்தக் குழப்பம் பெரிதாக இல்லை. அதனால் உங்கள் மாட்டுக்குச் சாதாரண ஆன்டிபாடி சோதனையான எலைசா போதும். சினை ஊசி போட்ட 21 முதல் 24 நாளுக்குள் பாலில் புரோஜெஸ்டிரோன் குறைவாக இருந்தால் சினை நிற்கவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதிகமாக இருந்தால் நின்றிருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம். இதற்குப் போய்க் கோடி ரூபாய்க் கருவியைத் தேட வேண்டாம்.

இனப்பெருக்கத்தில் மாஸ் ஸ்பெக் உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் காட்டிய இடம் என்றால் நான் கருவின் கொழுப்பைத்தான் சொல்வேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பிரேசில் நாட்டுப் பண்ணைகளின் நிஜப் பிரச்சினையிலிருந்து பிறந்த வேலை. சோதனைக்கூடத்தில் மாட்டுக் கருக்களை உற்பத்தி செய்வதில் பிரேசில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. நல்ல பசுவின் சினைப்பையிலிருந்து கருமுட்டைகளை உறிஞ்சி எடுத்து, தட்டில் விந்தோடு சேர்த்து, ஏழு நாள் வளர்த்து, வேறு பசுக்களின் கருப்பையில் வைக்கிறார்கள். சிக்கல் உறைய வைப்பதில் வருகிறது. பசுவின் வயிற்றில் வளர்ந்து எடுத்த கரு, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் போய்விட்டுத் திரும்பினாலும் நன்றாகப் பிழைக்கிறது. தட்டில், அதுவும் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்) சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் வளர்ந்த கரு அந்த அளவுக்குப் பிழைப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும்: தட்டில் வளர்ந்தது கருத்திருக்கும். அந்தக் கருமை கொழுப்புத் துளிகள். பன்றியின் கரு அதைவிடக் கறுப்பு. பன்றிக் கருவின் கொழுப்பை ஒதுக்கி நீக்கிவிட்டு உறைய வைத்தால் பிழைக்கிறது என்று ஜப்பானிய அறிவியலாளர் நாகாஷிமாவும் உடன் உழைத்தவர்களும் 1995-இல் காட்டினார்கள். எருமைக் கருவும் கொழுப்பு மிகுந்ததுதான். நம் நாட்டுக்கு இது முக்கியம்.

கொழுப்பு அதிகம் என்று தெரிந்தால் போதாது, எந்தக் கொழுப்பு என்று தெரிய வேண்டும். ஒரு மாட்டுக் கருமுட்டையில் உள்ள கொழுப்பு அமிலங்கள் சுமார் 63 நானோகிராம்தான். பன்றியில் சுமார் 161. பழைய முறையில் ஒரு பகுப்பாய்வுக்கு நூற்றுக்கணக்கான கருமுட்டைகளைச் சேர்த்து அரைக்க வேண்டியிருந்தது. பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் மார்கோஸ் எபெர்லின் நடத்திய ஆய்வகத்துக்குத் தாம்சன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அங்கே கிறிஸ்டினா ஃபெரெய்ராவும் உடன் உழைத்தவர்களும் 2010-இல் ஒரே ஒரு கருமுட்டையை, ஒரே ஒரு கருவை, அரைக்காமல் கொள்ளாமல் அப்படியே மால்டி தட்டில் வைத்து லேசர் அடித்து அதன் கொழுப்புக் கைரேகையை எடுத்தார்கள். ஸ்ஃபிங்கோமயலின்கள், பாஸ்ஃபடிடைல்கோலின்கள், டிரைகிளிசரைடுகள் என்ற கொழுப்பு வகைகள் எல்லாம் கருவியின் வரைபடத்தில் தனித்தனிச் சிகரங்களாக வந்தன. செல்லின் சவ்வு குளிரில் விறைக்குமா, நெகிழ்ந்து கொடுக்குமா என்பது இந்தக் கொழுப்புகளின் அமைப்பைப் பொறுத்தது. நெய் மார்கழியில் உறைவதும் நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதும் எதனாலோ, ஏறக்குறைய அதனால்தான்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். லேசர் அடித்த கரு அதோடு முடிந்தது, அதைப் பசுவின் வயிற்றில் வைக்க முடியாது. ஆகவே "இந்தக் கரு கன்றாகுமா" என்ற கேள்விக்கு இது பதில் சொல்லாது. "இந்த ஊடகத்தில் வளர்க்கலாமா, அதில் சீரத்தைக் குறைக்கலாமா" என்ற கேள்விக்குத்தான் சொல்லும். கரு வளர்ந்த ஊடகத்தின் மிச்சத்தை எடுத்துச் சோதித்து, கருவைத் தொடாமலே தரம் சொல்லிவிடலாம் என்று பல குழுக்கள் முயல்கின்றன. நல்ல யோசனைதான், ஆனால் அன்றாட வேலைக்கு இன்னும் வரவில்லை. இன்னொன்று, இவ்வளவு சிறிய மாதிரியில் அழுக்கு எளிதில் ஏமாற்றிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 391 என்ற எடையில் உயர்ந்த சிகரம் ஒன்றைக் கண்டு, ஏதோ புதிய கொழுப்பு என்று இரண்டு வாரம் துரத்தினேன். அது பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த தாலேட், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள். அன்றிலிருந்து வெறும் குழாயை முதலில் ஓட்டிப் பார்க்காமல் எந்த மாதிரியையும் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே பழகுங்கள்.

இதே கொழுப்புக் கைரேகைதான் இறைச்சியிலும் கைகொடுக்கிறது. அறுவை மருத்துவர்களின் மின்கத்தியில் எழும் புகையை நேராகக் கருவிக்குள் இழுக்கும் முறையை சோல்டான் தகாட்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கினார். அந்தப் புகையிலுள்ள கொழுப்புகளை வைத்து மாட்டிறைச்சியா, குதிரை இறைச்சியா என்று சில நொடிகளில் பிரிக்க முடியும் என்று பின்னர் காட்டினார்கள். 2013-இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சிப் பண்டங்களில் குதிரை இறைச்சி இருந்ததை அயர்லாந்து வெளிக்கொண்டு வந்தது டி.என்.ஏ. சோதனையால்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கருவி.

பொலிகாளைகள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. நுண்ணோக்கியில் நன்றாக நீந்தும் விந்து உள்ள இரண்டு காளைகளில், ஒன்றின் ஊசிக்குச் சினை நிற்கிறது, மற்றதன் ஊசிக்கு அவ்வளவாக நிற்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லியன் குழுவினர் 1993-இல் ஹோல்ஸ்டைன் காளைகளின் விந்துத் திரவத்தில், சினை பிடிக்கும் திறனோடு சேர்ந்து கூடும் இரண்டு புரதங்களைக் கண்டார்கள். பின்னால் அவை ஆஸ்டியோபான்டின், புரோஸ்டாகிளாண்டின் டி சிந்தேஸ் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு மாஸ் ஸ்பெக் வந்து விந்துத் திரவத்தில் நூற்றுக்கணக்கான புரதங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. பட்டியல் நீண்டதே தவிர, ஒரு காளையை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்று இவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்கும் நிலை வரவில்லை. சினை பிடிப்பதில் காளையின் பங்கு ஒரு பகுதிதான். பசுவின் உடல்நிலை, பருவம் பார்த்த நேரம், ஊசி போட்டவரின் கை, உறைவிந்துக் குச்சியைத் தண்ணீரில் இளக்கிய விதம் எல்லாம் கலந்து கிடக்கும்போது ஒரு புரதத்தின் குரலைத் தனியாகக் கேட்பது கடினம்.

நீங்கள் கேட்ட "என்ன சம்பந்தம்" என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் வெள்ளாட்டில் இருக்கிறது. பொலிகிடாவின் வாடை உங்களுக்குத் தெரியும். அதை மந்தையில் விட்டால் பருவத்துக்கு வராமல் இருந்த பெட்டைகள் பருவத்துக்கு வருவதையும் ஆடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் கிடாவின் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அதில் படிந்த ஆவிப் பொருள்களை வாயு குரோமட்டோகிராஃபியும் மாஸ் ஸ்பெக்கும் சேர்ந்த கருவியில் பார்த்தார்கள். காயடித்த கிடாவில் இல்லாதவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் 4-எத்தில்ஆக்டனல் என்ற பொருள், பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோன் துடிப்பைத் தூண்டும் மையத்தை எழுப்புகிறது என்று 2014-இல் வெளியிட்டார்கள். அதன் எடை 156. காற்றில் பட்டு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டால் 172 எடையுள்ள 4-எத்தில்ஆக்டனாயிக் அமிலம் ஆகிறது. கறியில் கிடா வாடை என்று முகம் சுளிக்கிறோமே, அதற்கு முக்கியக் காரணம் அந்த அமிலம். பெட்டைக்கு அழைப்பாகவும் நமக்கு வாடையாகவும் இருப்பவை ஓர் ஆக்சிஜன் அணு மட்டுமே வித்தியாசமுள்ள இரண்டு பொருள்கள். இனப்பெருக்கத்துக்கும் உணவுத் தரத்துக்கும் சம்பந்தம் இவ்வளவு நெருக்கம்.

ஏ2 பால் பற்றியும் ஒரு வார்த்தை, அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பால் புரதங்களில் ஒன்றான பீட்டா கேசினில் 67-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருந்தால் ஏ1, புரோலின் இருந்தால் ஏ2. முழுப் புரதத்தின் எடை ஏ1-இல் 24,023, ஏ2-இல் 23,983. அந்த 40 எடை வித்தியாசத்தைக் கருவி சுலபமாகப் பார்த்துவிடும். ஏ2 என்று விற்கும் பாலில் ஏ1 கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஏ2 குடித்தால் உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி, அதைக் கருவியிடம் கேட்க முடியாது.

இப்போது உங்கள் வீட்டு விஷயம், அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சின் பி1 வடிவத்தை மாடு தின்றால், கல்லீரல் அதை எம்1 ஆக மாற்றிப் பாலில் விடுகிறது. பாலைக் காய்ச்சினால் போகாது. பி1 கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. அதனால் எம்1-க்கு இந்தியாவில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு, அதாவது 200 கோடியில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் அதிலும் பத்தில் ஒன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368 இந்த வரம்பைத் தாண்டின. எண்ணிக்கையில் மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 551-இல் 88. தண்ணீர் கலப்படம் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் இந்த எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. இது பால்காரர் கலந்ததல்ல, தீவனத்தில் வந்தது.

இவ்வளவு சிறிய அளவை எப்படி நம்பி அளப்பது? முதலில் பட்டை அல்லது எலைசா. சந்தேகப்பட்டவை மட்டும் மாஸ் ஸ்பெக்குக்குப் போகும். எம்1 அங்கே 329 ஆக வரும், உடைத்தால் 273. ஆனால் பாலின் கொழுப்பும் உப்பும் சேர்ந்து மின்னேற்றத்தைத் தட்டிப் பறித்துக்கொள்ளும், அளவு குறைவாகத் தெரியும். இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. எம்1-இன் 17 கார்பன் அணுக்களும் கனமான கார்பனாக உள்ள இரட்டைப் பிறவி ஒன்றைத் தெரிந்த அளவில் பாலில் முதலிலேயே சேர்த்துவிடுவார்கள். குணம் எல்லாம் ஒன்றே, எடை மட்டும் 346. வழியில் எம்1-க்கு என்ன இழப்பு நேர்ந்தாலும் இதற்கும் அதே விகிதத்தில் நேரும். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை அளவு கிடைத்துவிடும். ஆன்டிபாடி சோதனையால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

வீட்டுக் கணக்கு ஒன்று போடுவோம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 உள்ள பூசணம் பிடித்த தீவனத்தை ஒரு மாடு நாளைக்கு 5 கிலோ தின்றால் 500 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் 2 சதவீதம் பாலுக்கு வந்தால் 10 மைக்ரோகிராம். மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், வரம்பைப் போல இரண்டு மடங்கு. அதிகம் கறக்கும் மாட்டில் இந்தச் சதவீதம் இன்னும் கூடும். பூசணத் தீவனம் கருவையும் விடாது. மக்காச்சோளத்தில் வரும் ஜியராலினோன் என்ற வேறொரு பூசண நஞ்சு ஈஸ்ட்ரோஜன் போல நடித்துப் பருவச் சுழற்சியைக் குலைக்கும். பன்றிக்கு அது பெருங்கேடு, மாட்டின் இரைப்பை ஓரளவு தாங்கும்.

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் மூன்றையும் மழைக்காலத்தில் தரையில் படாமல் கட்டை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கட்டி பிடித்த, நிறம் மாறிய பகுதியை மாட்டுக்குப் போட மனம் வந்தாலும் போடாதீர்கள். காய வைத்தாலும் உண்டான நஞ்சு போகாது. கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 பெருமளவு இறங்கிவிடும். ஆய்வகத்துக்குத் தீவன மாதிரி அனுப்பினால் மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி மட்டும் எடுக்காதீர்கள், பூசணம் மூட்டை முழுக்கச் சமமாகப் பிடிப்பதில்லை. மேல், நடு, அடி, ஓரம் என்று பத்து இடத்தில் எடுத்து, சேர்த்து அரைத்து, அதிலிருந்து அனுப்புங்கள்.